இரண்டு தடவை இழுத்துப் பார்க்கணும்

1

போன வைகாசியில் என் மகள் யாழினிக்குப் பதினேழு வயது ஆனது. இங்கே இங்கிலாந்தில் பதினேழு ஆனால் கார் ஓட்டப் பழகலாம். கேக் வெட்டிய கையைக்கூடக் கழுவாமல் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். பழகுகிறவர் பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர் உட்கார வேண்டும் என்பது சட்டம். அவள் அப்பா ரவிக்கு ஆஸ்பத்திரி லேபில் டியூட்டி. மிச்சம் இருந்தது நான்தான்.

காரில் ஏறுவது எனக்கு ஒரு பெரிய வேலை. முதலில் பக்கவாட்டில் சீட்டில் உட்கார வேண்டும். பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுக்க வேண்டும். இடது காலைக் கையால் தூக்கித்தான் வைக்க முடியும். அதன் பிறகு உடம்பு மொத்தத்தையும் முன்பக்கம் திருப்ப வேண்டும். என் கழுத்து தனியாகத் திரும்பாது. அதற்குள் ஒரு தகடும் ஆறு திருகாணியும் இருக்கின்றன. யாராவது கூப்பிட்டால் தெருமுனையில் தேரைத் திருப்புகிற மாதிரி மெதுவாக, முழுசாகத்தான் திரும்புவேன்.

பெல்ட்டை நானே மாட்டினேன். டக் என்று சத்தமும் கேட்டது. யாழினி வண்டியைக் கிளப்பவில்லை. என் பக்கம் சாய்ந்து, மார்புக்குக் குறுக்கே கிடந்த பெல்ட்டைப் பிடித்து ஒரு தடவை இழுத்தாள். விட்டுவிட்டு இன்னொரு தடவை இழுத்தாள்.

"மாட்டிட்டேன்டி. கண்ணு தெரியலையா?"

"செக் பண்றேன். உன்னை நம்ப முடியாதே."

இதை ஆங்கிலத்தில் சொன்னாள். கோபமெல்லாம் இல்லை, பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற அதே குரல். பிறகு கண்ணாடியைப் பார்த்தாள், சிக்னல் போட்டாள், மூன்று தெருவை ஒழுங்காகச் சுற்றிவிட்டு வந்து நிறுத்தினாள். என் ரத்தம் ஆச்சே, ஸ்டியரிங்கை நன்றாகவே பிடிக்கிறாள்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊரில் இருக்கிற நீங்கள் இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. மூன்று வருடமாக வாயை மூடிக்கொண்டிருந்த விஷயம் இது.

2

நான் திருமுல்லைவாயில்காரி. பெயர் செல்வி. கல்யாணமாகி, கைக்குழந்தையோடு இந்த லெஸ்டர் நகரத்துக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. வந்த புதிதில் கடையில் அலமாரி அடுக்கினேன், ஆஸ்பத்திரியில் தரை துடைத்தேன். பிறகு ஒருநாள் ஸ்கூல் பஸ் ஓட்ட ஆள் தேவை என்று ஒரு நோட்டீஸைப் பார்த்தேன். பதினான்கு பிள்ளைகள் போகிற சின்ன பஸ். நடக்க முடியாத, பேச முடியாத பிள்ளைகளும் அதில் உண்டு. பரீட்சையில் இரண்டு தடவை ஃபெயில், மூன்றாவது தடவை பாஸ். பஸ்ஸின் படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். "புடவை கட்டிகினு ஓட்டுவியா?" என்று கேட்டாள்.

அந்த வேலையில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையாகப் போய் பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பேன். முதல் தடவை இழுக்கும்போது சரியாக மாட்டாத பெல்ட்கூடப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது தடவையில் குட்டு வெளிப்பட்டுவிடும். சில பிள்ளைகள் நான் வருவதற்கு முன்பே தாங்களே இழுத்துக் காட்டுவார்கள். ஆபீசில் என்னை "இரண்டு இழுப்பு மேடம்" என்று கேலி செய்வார்கள். கேலி என்றாலும் எனக்குப் பெருமைதான். எட்டு வருடத்தில் என் பஸ்ஸில் ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல்கூடப் பட்டதில்லை.

இப்போது நான் அந்த பஸ்ஸை ஓட்டுவதில்லை. சோதித்த டாக்டர் இடப்பக்கம் தலையைத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். "இல்லை, தலையை மட்டும்" என்றார். அதோடு பஸ் லைசென்ஸ் போயிற்று. சின்னக் கார் ஓட்ட மட்டும் அகலக் கண்ணாடி வைத்துக்கொள்ளச் சொல்லி அனுமதி கொடுத்தார்கள். இப்போது காலையில் மட்டும் அதே பஸ்ஸில் உதவியாளாகப் போகிறேன். வேறு ஒருவர் ஓட்டுகிறார். அவர் கியர் மாற்றும் சத்தத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஊனத்துக்கு அரசாங்கம் கொடுக்கிற உதவிக்காக ஒரு அம்மா வீட்டுக்கு வந்து கேள்வி கேட்டாள். கதவைத் திறந்ததும் "எப்படி இருக்கிறீர்கள்?" என்றாள். "நல்லா இருக்கேன்" என்றேன். நாம் வேறு என்ன சொல்லுவோம்? வீட்டுக்கு வந்தவளிடம் வந்ததும் வராததுமாக ஒப்பாரியா வைப்பது? உட்காரச் சொன்னேன். வேண்டாம் என்று அவள் சொல்லச் சொல்ல டீ போட்டுக் கொடுத்தேன். இருபது மீட்டர் நடப்பீர்களா என்று கேட்டாள். "நடப்பேன்" என்றேன். வலிக்குமா என்று கேட்டாள். "கொஞ்சம்" என்றேன். நான்கு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. விண்ணப்பதாரர் நன்றாக இருப்பதாகச் சொன்னார், சிரித்த முகத்துடன் வரவேற்றார், தானே தேநீர் தயாரித்தார், ஆகவே உதவி தேவையில்லை. அந்த டீயை எடுத்துக்கொண்டு போக நான் சமையல் மேடையை எத்தனை தடவை பிடித்தேன் என்று அவள் பார்க்கவில்லை. ரவிக்குக் கோபமான கோபம். "நம்ம ஊர் மரியாதையை எல்லாம் ஏன் இந்தக் கடன்காரிகிட்ட காட்டின?" என்று குதித்தார்.

இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் என்னால் ஒரே இடத்தில் உட்கார முடியாது. எழுந்து ஹாலில் நடப்பேன். நடந்தால் இடுப்பு வலிக்கும், உட்காருவேன். இடது கையில் இரண்டு விரல்களில் உணர்ச்சி இல்லை. சூடான தட்டைப் பிடித்துவிட்டு, தோல் உரிந்த பிறகு பார்ப்பேன். இப்போது இதை எழுதுவதற்குள்ளேயே ஐந்து தடவை எழுந்துவிட்டேன்.

3

என் தம்பி பாபு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசர். தகடு வெட்டுகிற இடம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கார் வாங்கியவன் அவன்தான். எங்கள் அப்பா சாகும் வரைக்கும் சைக்கிளில்தான் போனார். கார் வந்த வாரத்தில் நானும் யாழினியும் லீவுக்கு ஊருக்கு வந்திருந்தோம். "அக்கா வந்தப்புறம்தான் பூஜை" என்று அதுவரை வண்டியை வீட்டு வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தான். வெள்ளை நிறம். கம்பெனியில் ஒட்டிவிட்ட பிளாஸ்டிக்கை எடுக்க மனசில்லாமல் அதன் மேலேயே சீட் கவரும் போட்டிருந்தாள் அவன் மனைவி தேவி.

அன்று அம்மா வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. சாப்பிடும்போது என் பஸ் கதையைச் சொன்னேன். இரண்டு இழுப்பு மேடம் கதையைச் சொன்னதும் பாபுவுக்குப் புரையேறிவிட்டது.

"ரெண்டு வாட்டி இழுப்பியா? பாவம்க்கா அந்தப் பசங்கோ."

கோயில் வாசலில் பூஜை முடிந்தது. நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். பிறகு திருநின்றவூரில் ஏரிக்குப் பக்கத்தில் அவன் கட்டியிருந்த புது வீட்டைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனான். "அக்கா முன்னாடி உக்காரட்டும்" என்று தேவி பின்னால் ஏறிக்கொண்டாள். நான் முன் கதவைத் திறந்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். என் சீட்டின் பெல்ட் ஏற்கெனவே மாட்டியிருந்தது. ஆள் இல்லாத சீட்டில் முதுகுப் பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து பூட்டியிருந்தான். உங்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். பெல்ட் போடவில்லையென்றால் கார் கீ கீ என்று கத்திக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தை அடக்க நம் ஊரில் பாதிப் பேர் செய்கிற வேலை இது. மேலே உட்கார்ந்தால் பெல்ட் முதுகுக்குப் பின்னால் கிடக்கும். கார் ஏமாந்துவிடும்.

நான் பார்த்தேன். எட்டு வருடமாக ஒரு நாளைக்குப் பதினான்கு பெல்ட்டை இரண்டிரண்டு தடவை இழுத்த என் கண்ணுக்கு அது படாமல் இருக்குமா? கையை நீட்டிக் கழற்றி முன்னால் மாட்டிக்கொள்ள இரண்டு விநாடி போதும்.

கழற்றவில்லை. ஏன் என்று இந்த மூன்று வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பட்டுப்புடவை கசங்கும் என்று ஒரு சின்ன நினைப்பு இருந்தது. அது நிஜக் காரணம் இல்லை. பாபு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். புது வண்டி, அக்கா முன் சீட்டில். அந்த நேரத்தில் நான் பெல்ட்டைக் கழற்றி மாட்டினால் அவன் மாட்டி வைத்தது தப்பு என்று சொன்ன மாதிரி ஆகும், அவன் ஓட்டுவதில் நம்பிக்கை இல்லை என்று ஆகும். வெளிநாட்டுக்காரி பந்தா காட்டுகிறாள் என்று தேவி நினைப்பாள். ஊருக்கு வரும்போதெல்லாம் எனக்கு இந்தப் பயம் உண்டு. பாட்டில் தண்ணீர் கேட்க மாட்டேன், வெயிலைப் பற்றிப் பேச மாட்டேன், வயிறு கெட்டால்கூட மறைப்பேன். போனவள் அப்படியே இருக்கிறாள், மாறவே இல்லை என்று நாலு பேர் சொல்ல வேண்டும். அந்தப் பேராசையில்தான் அந்த பெல்ட்டின் மேல் உட்கார்ந்தேன்.

பின்னால் யாழினி வேறு தகராறு செய்துகொண்டிருந்தாள். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. பெல்ட் பூட்டுகிற கொண்டி சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடந்தது. கையை விட்டுத் துழாவினாள். "விடும்மா, பின்னாடிக்கெல்லாம் வாணாம்" என்று தேவி சொன்னாள். நானும் சொன்னேன். "விடுடி, மாமா தப்பா நினைச்சுக்கப் போறாரு."

அவள் கேட்கவில்லை. கவரை ஒரு பக்கம் பிய்த்து, கொண்டியை வெளியே எடுத்து மாட்டிக்கொண்டாள். எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

பட்டாபிராம் தாண்டியதும் எதிரே ஒரு பைக், தப்பான பக்கத்தில், நேராக எங்களைப் பார்த்து வந்தது. பாபு இடது பக்கம் ஒடித்தான். அங்கே ஒரு லாரி நின்றிருந்தது.

4

யாழினிக்குத் தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரைக்கும் பெல்ட் பதிந்த ஒரு நீலக் கோடு. அவ்வளவுதான். தேவிக்கு மணிக்கட்டு உடைந்தது. பாபுவுக்கு நெற்றியில் தையல். எனக்கு என்னவெல்லாம் என்று ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் கழுத்துப் பட்டையோடு கூரையைப் பார்த்தபடி கிடந்தேன். போலீஸ்காரர் ஒருவர் வந்து தலைமாட்டில் நின்று எழுதினார்.

"முன் சீட்டுல இருந்தவங்க பெல்ட்டு போட்டிருந்தாங்களா?"

"எங்க அக்கா போட்டுகினுதான் சார் இருந்தாங்க" என்று பாபுவின் குரல் கேட்டது.

எனக்கு வாய் பேச வந்தது. பேசவில்லை. பெல்ட் மேடம் பெல்ட் போடவில்லை என்று வெளியே தெரிந்தால் அவமானம் என்று தம்பி எனக்காகப் பொய் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பாசம் என்று நினைத்து எனக்கு அழுகைகூட வந்தது. சர்ஜன் ஒருநாள் என் மார்பைப் பார்த்துவிட்டு, "பெல்ட் தழும்பே இல்லையேம்மா?" என்று கேட்டார். மறைந்துவிட்டது என்றேன்.

இங்கே திரும்பி வந்த பிறகும் ஆபீசில் கேட்டார்கள். "நீங்கள் போட்டிருப்பீர்கள், கேட்கவே வேண்டாம்" என்று அவர்களே பதிலும் சொன்னார்கள். தலையாட்டினேன். ஆட்டக்கூட முடியாது, கண்ணை மூடித் திறந்தேன்.

நான் சொன்ன பொய் எனக்கு மரியாதையைக் கொடுத்தது, அவனுக்கு வேறொன்றைக் கொடுத்தது. பெல்ட் போட்டும் அக்காவுக்கு இந்த கதி என்றால் தம்பி எவ்வளவு வேகத்தில் போயிருக்க வேண்டும்? அப்படித்தானே கணக்குப் போடுவார்கள்? அவன் நாற்பதில்தான் போனான். நான் மீட்டரைப் பார்த்தேன், ஓட்டுகிறவள் புத்தி. ஆனால் சொந்தக்காரர்கள் கல்யாணத்தில் அவன் முகத்துக்கு நேராகவே "அக்கா கழுத்த ஒடிச்சவன்" என்று சொன்னார்கள். அம்மா அவனுடன் சரியாகப் பேசுவதை விட்டுவிட்டாள். அவன் காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டான். பைக்கையும் தொடுவதில்லை. திருநின்றவூரிலிருந்து அம்பத்தூருக்கு ரயில், இறங்கினால் நடை.

பின் சீட்டில் இருந்த இரண்டு பேரில், நான் பெல்ட்டின் மேல் உட்கார்ந்ததைக் கவனித்தவள் யாழினி மட்டும்தான். அவள் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் பேசுவதைத்தான் குறைத்துக்கொண்டாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை வரும். இந்த ஊரில் வளர்கிற பிள்ளைகள் எல்லாம் இப்படித்தான் என்று தோழிகள் ஆறுதல் சொன்னார்கள். எனக்கல்லவா காரணம் தெரியும்.

5

கார் பழகிய அந்த வாரத்திலேயே தேவி போன் செய்தாள்.

"அண்ணி, இவரு வேலைய விடப் போறாராம். பூந்தமல்லி தாண்டி புது யூனிட்டு போட்டுகீறாங்கோ. அதுக்கு இவர இன்சார்ஜா போகச் சொல்றாங்கோ. ரெண்டு எடத்துக்கும் மாத்தி மாத்தி போவணும், வண்டி இல்லாம முடியாது. நான் வண்டி தொட மாட்டேன், வேற ஆளப் பாத்துக்கோன்னு எழுதிக் குடுக்கப் போறாரு. இருவத்திரெண்டு வருச சர்வீசு அண்ணி. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கோ."

"எப்பத் தரப்போறான்?"

"மாசக் கடைசில."

போனில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு தடவை கூப்பிட்டேன். "இன்னாக்கா, கழுத்து எப்டி கீது?" என்று அவன் முதலில் கேட்பான். வானிலை, மகள், வலி என்று பேசிவிட்டு வைத்துவிடுவேன். கடைசியில் டிக்கெட் எடுத்தேன். பதினோரு மணி நேரம் விமானத்தில் இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடந்தேன். பணிப்பெண் மூன்றாவது தடவைக்கப்புறம் என்னைப் பார்த்தாலே வழிவிட்டு ஒதுங்கினாள்.

6

ஞாயிற்றுக்கிழமை. திருமுல்லைவாயிலில் அம்மா வீடு. பாபுவும் தேவியும் ரயிலில் வந்திருந்தார்கள். பாபு இளைத்திருந்தான். என் பெட்டி, என் செருப்பு, என் தலையணை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே இருந்தான். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

அம்மா வஞ்சிர மீன் வறுத்திருந்தாள். எனக்கு வைத்தாள், தேவிக்கு வைத்தாள். பாபு தட்டில் வைக்கும்போது வாய் சும்மா இருக்கவில்லை.

"காரு காருன்னு குதிச்சான். இப்ப பாரு, பெத்த பொண்ணு தல திருப்ப முடியாம உக்காந்துகினு கீது."

பாபு குனிந்து சோற்றைப் பிசைந்தான்.

"அம்மா, அவனச் சொல்லாத" என்றேன். "நான் அன்னிக்கி பெல்ட் போடல."

யாருக்கும் உடனே புரியவில்லை. பாபுவின் கை மட்டும் நின்றது.

"பெல்ட் முதுகுக்குப் பின்னால மாட்டியிருந்துச்சு. அதுக்கு மேல உக்காந்துட்டேன். போட்டிருந்தா இந்த அளவுக்கு ஆகியிருக்காது. பாபு மெதுவாத்தான் ஓட்டினான்."

"நீ பாத்தியா?" என்று கேட்டான் பாபு. குரல் சன்னமாக இருந்தது.

"பாத்தேன்."

"ஏறும்போதேவா? மாட்டி கீதுன்னு தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சுதான்டா. என் வேலையே அதுதானே?"

"அப்புறம் இன்னாத்துக்குக்கா அதும்மேல உக்காந்த?"

"நீ சந்தோஷமா இருந்த. பந்தா காட்டுறேன்னு நினைப்பியோன்னு..."

அவன் எழுந்துவிட்டான். கையில் சோறு ஒட்டிக்கொண்டிருந்தது.

"மூணு வருசம்க்கா. அந்த பெல்ட்ட காலைல நான்தான் மாட்டி வச்சேன். பூஜை நேரத்துல வண்டி கத்தக் கூடாதுன்னு மாட்டி வச்சேன். அக்காவுக்குத் தெரியாது, நம்பி வந்து உக்காந்துச்சு, நான் அத சாவக் குடுக்கப் பாத்தேன்னு தினம் தினம் செத்துனு கீறேன். போலீசுல நீ போட்டுகினு இருந்தன்னு சொன்னது உனக்காகன்னா நெனச்ச? எனக்காகக்கா! நான் மாட்டி வச்சது வெளிய தெரிஞ்சிடக் கூடாதுன்னு சொன்னேன். அதுக்கப்புறம் உன் மூஞ்சியப் பாக்க முடியல. நீ இன்னாடான்னா எல்லாம் தெரிஞ்சிகினு அங்க உக்காந்துனு, மாசாமாசம் போன் பண்ணி, வெயிலு எப்டி கீது, மழை எப்டி கீதுன்னு..."

கையைக் கழுவினான். சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போய்விட்டான். தேவி என்னையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவன் பின்னால் ஓடினாள்.

நான் அவனைக் கூப்பிட நினைத்தேன். ஆனால் வாசல் என் இடது பக்கம் இருந்தது. நான் முழுசாகத் திரும்பி முடிப்பதற்குள் தெரு காலியாகிவிட்டது.

"சாப்புடற நேரத்துல இன்னாடி பேச்சு இது" என்றாள் அம்மா. "பெல்ட்டு பெல்ட்டுன்னு. அது இன்னா பெரிய தாலியா? கழுத்துல போட்டாத்தான் ஆச்சா?" கொஞ்ச நேரம் கழித்து அவன் தட்டிலிருந்த மீனை எடுத்துக் கிண்ணத்தில் போட்டு மூடி வைத்தாள். "ஒரு வாய் கூட துன்னல புள்ள" என்றாள். மூன்று வருடத்தில் அவனை அவள் புள்ள என்று சொன்னதை அன்றுதான் கேட்டேன்.

7

அதற்கப்புறம் ஒன்பது நாள் அவன் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. நான் வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடந்தேன். ரயிலில் ஏறித் திருநின்றவூர் போய்விடலாம் என்று இரண்டு நாள் கிளம்பினேன். மேம்பாலப் படியைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. ஆட்டோவில் போயிருக்கலாம்தான். போய் என்ன சொல்வது? மன்னிச்சுக்கோ என்று அவன் வீட்டு வாசலில் நின்றால், என் நொண்டிக் காலைப் பார்த்து அவனே மறுபடியும் குற்றவாளியாகிவிடுவான். அந்த வித்தையைத்தானே மூன்று வருடமாகச் செய்துகொண்டிருந்தேன்.

யாழினிக்குப் போன் செய்து, சொல்லிவிட்டேன் என்றேன். வழக்கம்போல "ஓகே" என்றாள். பிறகு தமிழில், "மாமா அழுதாரா அம்மா?" என்று கேட்டாள்.

"கோபப்பட்டாரு."

"நல்லது" என்றாள். யாருக்கு நல்லது என்று நான் கேட்கவில்லை.

தேவி மட்டும் ஒருநாள் ரகசியமாகப் பேசினாள். "ஒண்ணும் பேசமாட்டேங்குறாரு அண்ணி. நேத்து சாய்ங்காலம் மூலைல நிக்குற பைக்க வெளிய தள்ளிகினு வந்து தொடச்சாரு. ஓட்டல. தொடச்சிட்டு உள்ள வுட்டுட்டாரு." அவ்வளவுதான் தகவல். அதையே வைத்துக்கொண்டு நான்கு நாள் ஓட்டினேன்.

கிளம்புகிற நாள் வந்தது. சாயங்கால விமானம். மதியம் ஒரு மணிக்கு வாடகைக் கார் வாசலில் வந்து நின்றது. அம்மா ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். தெருக் கோடியில் பாபு நடந்து வருவது தெரிந்தது. ஸ்டேஷனிலிருந்து வேகமாக வந்தவன் போல சட்டை நனைந்திருந்தது.

நேராகப் பெட்டிகளிடம் போனான். பெட்டிகளைத் தூக்கி டிக்கியில் வைத்தான். நான் பக்கவாட்டில் உட்கார்ந்து, காலைத் தூக்கி, உடம்பைத் திருப்பிப் பின் சீட்டில் அமர்கிற வரைக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு முன் சீட்டில் ஏறினான். கார் சீட்டில் ஏறி அவன் உட்கார்ந்து மூன்று வருடம் ஆகியிருக்கும்.

"ஏர்போர்ட்டுதானே சார்?" என்றார் டிரைவர்.

"ஆமா நைனா. ஆவடி போயி பூந்தமல்லி வழியா வுடு."

"அது சுத்து சார்."

"பரவால்ல. டைம் கீது. அங்க எங்க யூனிட்டு ஒண்ணு வருது, போற வழியில ஒரு பார்வ பாத்துக்கணும்."

வண்டி கிளம்பியது. பிள்ளையார் கோயில்கூடத் தாண்டவில்லை. "நிறுத்து நைனா" என்றான்.

இறங்கி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தான். எதையோ மறந்துவிட்டான் என்று நினைத்தேன். குனிந்து சீட் கவருக்கு அடியில் கையை விட்டான். துழாவினான். ஒரு சாக்லேட் தாள் வந்தது, வேர்க்கடலைத் தோல் வந்தது, யாரோ ஒரு குழந்தையின் ஹேர்கிளிப் வந்தது. முழங்கை வரைக்கும் உள்ளே விட்டான். கவர் ஓரத்தில் தையல் பிரிகிற சத்தம் கேட்டது.

"சார், பின்னாடிலாம் எவனும் புடிக்க மாட்டான் சார்" என்றார் டிரைவர்.

"தெரியும் நைனா."

கொண்டி வெளியே வந்தது. என் தோளுக்கு மேலிருந்து பெல்ட்டை இழுத்துக் குறுக்கே கொண்டுவந்து பூட்டினான். என்னால் திரும்பி அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தகடு கீறிக் கீறித் தழும்பேறிய அவன் கை மட்டும் என் கண்ணுக்குக் கீழே தெரிந்தது. பெல்ட்டைப் பிடித்து ஒரு தடவை இழுத்தான்.

விட்டுவிட்டு, இன்னொரு தடவை இழுத்தான்.

"டைட்டா கீதாக்கா?"

தோள் எலும்பில் வலித்தது.

"இருக்கட்டும்டா" என்றேன்.